விருந்தாளிக்குக் கட்டிய தண்ணீர்

...கட்டிவிட்டாராம், வரப்பு தளும்பத் தளும்பத் தண்ணீரைக் கட்டிவிட்டாராம், அதையும் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார் அந்தப் பிச்சமுத்து, "நீங்க கவலையே படாதீங்க மேடம், வயலு கண்ணாடி மாதிரி நிக்குது, வர்றவங்க பாத்தா அசந்துபோயிருவாங்க," என்று. அசந்துதான் போவார்கள். ஜென்சி இப்போதே அசந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தாள், ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஓரமாக நிறுத்திய காருக்குள், ஏசி ஓடியும் கழுத்து வியர்க்க, பேச்சு முடிந்து வெகுநேரம் ஆகியும் போன் இன்னும் காதில். காயப்போடச் சொன்ன வயல் அது. இந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு பாய்ச்சக் கூடாது, தரை லேசாக வெடிக்கிறவரை விடவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்ன வயல். அந்தக் காய்ந்த வயலைப் பார்த்து, படம் எடுத்து, சரி என்று பதிந்துவிட்டுப் போவதற்காகவே தேவதர்ஷினி என்கிற பெண் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, வந்ததே வந்தோம், பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்று கோயிலுக்குள் போயிருக்கிறாள். அவள் வெளியே வந்ததும் நேராக லால்குடி, நேராகப் பிச்சமுத்துவின் வயல், அங்கே கண்ணாடி மாதிரி தண்ணீர்... மாதாவே, இப்போது நான் என்ன செய்ய?

"என்னம்மா, எதும் பிரச்சினையா?" என்று முன்சீட்டிலிருந்து டிரைவர் ஹாலித் பாய் கேட்டார். வயலில் தண்ணீர் நிற்கிறதாம் பாய், என்றாள். அவர் சிரித்துவிட்டார், "வயல்ல தண்ணி நிக்கிறதுக்காம்மா கவலப்படுறீங்க?" அதானே. இந்தப் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், காவிரியில் தண்ணீர் வரவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்கிற ஊர், இங்கே வந்து தண்ணீர் நின்றால் கெடுதல் என்று சொல்வதற்கு ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அந்த ஒருத்தி அவள்தான். தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் சேற்றுக்குள் காற்றுப் போகாது, அடியில் மக்குவதெல்லாம் மீத்தேனாகிக் குமிழ் விடும், அது மேலே போய் உலகத்தைச் சூடாக்கும், அதனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு விட்டுப் பாய்ச்சவேண்டும், ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் இறக்கி, அதற்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கிய பிறகுதான் மறுபடி மடை திறக்கவேண்டும்... முதல் கூட்டத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்து, மீத்தேன் என்ற சொல் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், பின்னால் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள், "மீத்தேன் எடுக்க வந்த கும்பலா நீங்க? எங்க மண்ணுல குழாய் எறக்கவா பாக்குறீங்க?" என்று. குழாய் வேறு கையில் இருந்தது அவளுக்கு. அன்றைக்குக் குறுக்கே வந்து நின்றவர் பிச்சமுத்துதான், "இருங்கப்பா, பொம்பளப் புள்ள பேசிக்கிட்டு இருக்குல்ல, முழுசாக் கேளுங்க." எடுப்பதற்கு இல்லை ஐயா, வெளியே விடாமல் இருப்பதற்கு, என்று விளக்கி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுபோனது. முதல் குழாயைத் தன் வயலில் இறக்கச் சொன்னவரும் அவர்தான், அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். அவரா இப்படிச் செய்தார்?

யார் சொல்லி இதெல்லாம்? "கவர்மெண்டாங்க?" என்று பிச்சமுத்துவே ஒருநாள் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, சட்டம் எதுவும் இல்லை, யாரும் வந்து அபராதம் போடப்போவதில்லை. எங்கோ குளிர்நாட்டில் ஒரு கடை, ஊர் ஊருக்குக் கிளை இருக்கிற கடை, அதில் பணம் போட்டவர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டார்களாம், நீங்கள் விற்கிற சாமானால் பூமி எவ்வளவு சூடாகிறது, பதில் சொல்லுங்கள் என்று. கடை இறக்குமதிக்காரரைக் கேட்டது, இறக்குமதிக்காரர் மில் முதலாளி நவநீதனைக் கேட்டார், நவநீதன் சார் அவளை வேலைக்கு எடுத்தார், அவள் போய்ப் பிச்சமுத்துவைக் கேட்டாள். எல்லோரும் சொல்வது உண்மைதானா என்று பார்க்க இன்னொரு கம்பெனி, அதிலிருந்துதான் இந்த தேவதர்ஷினி. இத்தனை பேர் கைமாறி ஒரு மடைவாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது அந்தக் கேள்வி, கேட்டவருக்கு மடை என்றால் என்னவென்று தெரியாது, மடை திறக்கிறவருக்குக் கேட்டவர் யாரென்று தெரியாது. அந்தக் கடையை ஜென்சி போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள், அலமாரியில் அவர்கள் மில்லின் பொன்னி அரிசி, பச்சைப் பையில், பையின் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை. அந்த முத்திரை இருக்கிறவரைதான் இவர்கள் நெல்லுக்குக் கூடுதல் விலை, அந்த முத்திரை இருக்கிறவரைதான் அவளுக்கு ஒரு நாற்காலி. இன்றைக்குப் பார்க்கிற வயல் தவறினால் லால்குடிக் குழு முழுவதையும் நீக்கிவிடுவார்கள், பிச்சமுத்து ஒருவரை மட்டும் இல்லை, அவரை நம்பி வந்த அத்தனை பேரையும். ஒப்பந்தமே அப்படித்தான்.

மன்னார்புரத்தில் வீட்டில் இருக்கிற கணவர் பெஞ்சமினுக்குப் போன் செய்து சொல்லலாமா... வேண்டாம், சொன்னால் அந்தச் சிரிப்புச் சிரிப்பார். துவாக்குடிப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர் பெஞ்சமின், கரியில் ஓடுகிற மின் நிலையங்களுக்குப் போகும் பாய்லர் பாகங்களுக்கு வெல்டிங் வேலை, கல்யாணமான புதிதில் அவர் சட்டையெல்லாம் பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆர்டர் குறைந்து குறைந்து ஒருநாள் நின்றேபோனது. "வெளிநாட்டுல எவனோ ஒரு பேங்க்காரன் இனிமே கரிக்குக் கடன் கெடையாதுன்னு சொன்னான், இங்க என் ஷட்டர் எறங்கிருச்சு," என்பார். அது சரிதானா, வேறு காரணங்களும் இருந்தனவா, அவளுக்குத் தெரியாது, ஷட்டர் இறங்கியது மட்டும் நிஜம். அதே வருஷம்தான் அவளுக்கு மில்லில் வேலை கிடைத்தது, கல்லூரியில் அக்ரி படித்துவிட்டு உரக் கம்பெனியில் அலைந்துகொண்டிருந்தவளுக்கு ஏசி ரூம், கார், பாய். "உன் ஆளுங்க என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டு உன்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டுட்டாங்க," என்று சாப்பிடும்போது சொல்வார், கிண்டலாகத்தான், ஆனால் அந்த 'உன் ஆளுங்க' எங்கேயோ போய்க் குத்தும். என் ஆளுங்களா? யார் என் ஆளுங்க? ஒருத்தர் பெயராவது எனக்குத் தெரியுமா? அவர்கள் ஒரு பக்கம் எடுத்தார்கள், ஒரு பக்கம் கொடுத்தார்கள், இரண்டுமே எங்களைக் கேட்டுச் செய்யவில்லை... இப்போது கொடுத்ததையும் எடுத்துக்கொண்டால் பெஞ்சமின் சிரிக்கக்கூட மாட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது, அவர் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை.

திரும்ப அடித்தாள். எடுத்தது பிச்சமுத்துவின் மனைவி பாப்பாயி. "அவரு எளநி வெட்டப் போயிருக்காரு தாயி, நீங்கள்ளாம் வர்றீங்கல்ல." அம்மா, ஒரு சின்ன உதவி, வயல்ல நிக்கிற தண்ணியக் கொஞ்சம் வடிச்சுவிட முடியுமா, வடிகால் பக்கம் வரப்ப வெட்டிவிட்டா... "வடிக்கவா?" என்று அந்த அம்மாள் கேட்ட விதத்திலேயே ஜென்சிக்குத் தெரிந்துவிட்டது. "என்னா தாயி சொல்றீங்க. போருத் தண்ணி பத்தாது, வாய்க்காத் தண்ணிக்கு இன்னிக்கி எங்க முறையே கெடையாது, பக்கத்து வயக்காரரு முறை. விடியக்காலத்துல அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு, ஊருலேருந்து ஆளுங்க வர்றாங்க, இன்னிக்கி ஒருநாளு முறைய எங்களுக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக் கட்டுன தண்ணி. அத இப்பப் பூராவும் வடிச்சு வாய்க்கால்ல விட்டா அவரு எங்கள என்னா நெனைப்பாரு?" எங்கோ கோழி கத்தியது, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காஞ்ச வயலக் காட்டுறதுக்கா அவ்ளோ தூரத்துலேருந்து கூட்டியாறீங்க?" பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அடுத்த வீட்டில் நாற்காலி கேட்டு வாங்குவது மாதிரி தண்ணீரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அதை எடுத்து வெளியே கொட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? சரிம்மா, இருக்கட்டும், வந்துக்கிட்டு இருக்கோம், என்று வைத்துவிட்டாள்.

யோசி, யோசி. வேறு வயலுக்குக் கூட்டிப்போகலாமா? முடியாது, எந்த வயல் என்று தேவதர்ஷினியின் போன்தான் தேர்ந்தெடுத்தது, வரப்பின் நாலு மூலையும் அதில் இருக்கிறது, பக்கத்து வயலில் போய் நின்றால் அதுவே காட்டிக்கொடுக்கும். மழை பெய்தது என்று சொல்லலாமா? ஆவணி வெயில் கோபுரத்தின் மேல் அடித்து நொறுக்குகிறது, மழையாம் மழை. சாப்பாட்டுக்கு எங்காவது கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை இழுத்தடித்தால்? களிமண், சாயங்காலம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரை அப்படியே நிற்கும். ஒன்று இருக்கிறது... பூ. நெல் பூ எடுக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் நிற்கலாம், அப்போது காயவிட்டால் மணி பிடிக்காமல் பதராகிவிடும், அதற்கு விதியிலேயே இடம் உண்டு. பிச்சமுத்துவின் பயிர் இன்னும் தூர்தான் கட்டிக்கொண்டிருக்கிறது, பூவுக்கு நாள் கிடக்கிறது, ஆனால் அது தேவதர்ஷினிக்குத் தெரியுமா? அந்தப் பெண் படித்தது வணிகம் என்றுதான் காலையில் ஸ்டேஷனில் சொன்னாள், வயலைப் பார்த்தால் பச்சை என்பதற்குமேல் என்ன தெரியப்போகிறது, பூ வருகிற பருவம் மேடம் என்று ஒரு வார்த்தை, சாதாரணமாக, வாட்டர் பாட்டிலை மூடிக்கொண்டே... சீ. ஏன், சீ என்ன? ஊரே பிழைக்கும். சீ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் யார் போய் விழிப்பது? அதற்குள் போன் அதிர்ந்தது, நவநீதன் சார், "எல்லாம் சரியா இருக்குல்ல ஜென்சி?" என்று மெசேஜ். எல்லாம் சரி சார், என்று விரல் தானாகவே அடித்து அனுப்பிவிட்டது.

தேவதர்ஷினி நெற்றியில் குங்குமத்தோடு கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து ஏறினாள், முகத்தில் ஒரு தெளிச்சி, கூட்டத்தில் நின்று கால் வலித்தாலும் சேவித்துவிட்டவர்களுக்கு வருமே அந்தத் தெளிச்சி. "ஸாரி ஜென்சி, ரொம்ப காக்க வச்சுட்டேன். அம்மா விடமாட்டேன்னுட்டாங்க, திருச்சி போயிட்டு ரங்கநாதரைப் பார்க்காம வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு." பொட்டலத்தைப் பிரித்தாள், புளியோதரை, நீட்டப்போனவள் சட்டென்று கையை நிறுத்தி, "நீங்க... சாப்பிடுவீங்களா?" எங்க வீட்டுல எல்லாம் சாப்பிடுவோம் மேடம், என்று ஜென்சி வாங்கிக்கொண்டாள். தன்னைவிட நாலைந்து வயது சின்னவர்களையும் மேடம் என்பது இந்த வேலையில் பழகிவிட்டது. பாய்க்கும் ஒரு கை கொடுத்தாள், அவரும் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். நல்ல பெண்தான். அதுதான் சங்கடம், கடுகடுவென்று ஒருத்தி வந்திருந்தால் பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கார் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது, கீழே பாதி மணலும் பாதித் தண்ணீருமாக ஆறு, தேவதர்ஷினி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள், "எவ்ளோ தண்ணி," என்றாள். ஜென்சிக்கு அந்தச் சொல்லே பகீரென்றது.

டோல்கேட் தாண்டி லால்குடி ரோட்டில் திரும்பியதும் அந்தப் பெண் தானாகவே பேச ஆரம்பித்தாள். போன மாசம் வேறொரு ஊரில் ஒரு கோழிப்பண்ணைக்குத் தவறு என்று போட்டாளாம், அதற்கப்புறம் வாரக்கணக்கில் மீட்டிங், பண்ணைக்காரர், அவரிடம் வாங்குகிறவர், தன் மேனேஜர், எல்லோரும் மாற்றி மாற்றிக் கேள்வி. "சரின்னு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க ஜென்சி. தப்புன்னு போட்டா என்னைத்தான் கேப்பாங்க. எங்களுக்குக் காசு தர்றதே அவங்கதானே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள். ஓ... அப்படியானால் இவளும் பயந்துகொண்டுதான் வருகிறாள். இவளுக்கும் வயல் காய்ந்து கிடந்தால்தான் நல்லது, அந்தக் கடைக்கும் அதுதான் நல்லது, நவநீதன் சாருக்கும், எனக்கும், எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம், யாருக்குமே உள்ளே எட்டிப் பார்க்க ஆசை இல்லை. இது தைரியம் தரவேண்டிய விஷயம், ஏன் தரவில்லை? வாளாடி ரயில் கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றபோது தேவதர்ஷினி பையிலிருந்து ஒரு பளபளப்பான அட்டையை எடுத்து, "இவர் வயல்தானே? இந்தப் படம் எங்க ஆபீஸ் சுவத்துல பெருசா மாட்டியிருக்கு," என்று காட்டினாள்.

பிச்சமுத்துதான். போன வருஷம் அந்தக் குளிர்நாட்டுக் கடைக்காரர்கள் அச்சடித்த அட்டை, வெடித்த வயலின் நடுவே அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, கீழே இங்கிலீஷில், பூமிக்காகத் தன் வயலைக் காயவிட்ட விவசாயி என்று. ஜென்சி எடுத்த படம். அந்தப் படத்தைப் பற்றி அவர் ஒரு தடவைதான் பேசினார், பொங்கலுக்கு அரிசிப் பை கொடுக்கப் போயிருந்தபோது, சிரித்த மாதிரிதான் சொன்னார், "எங்க சம்மந்தி போன்ல பாத்துட்டு வீட்டுக்கே வந்துட்டாரு மேடம், பயிரு போச்சாமேன்னு. நெல்லு மூட்ட ரெண்டு எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. பொண்ணு குடுத்த எடம் பாருங்க..." அதற்குமேல் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளும் சிரித்துவைத்தாள். அன்றைக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது? பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர் இரக்கப்பட்டு நெல் கொண்டுவந்து போட்டால் ஒரு விவசாயிக்கு அது எப்படி இருக்கும்? அந்த மூட்டைகளை அவர் எங்கே வைத்தார், திருப்பி அனுப்பினாரா, சாப்பிட்டார்களா, ஒன்றும் கேட்கவில்லையே... அதனால்தான். அதனால்தான் இந்தத் தண்ணீர். இன்னொரு முறை யாரும் தன்னைக் காய்ந்த வயலில் நிற்கவைத்துப் படம் எடுத்துவிடக் கூடாது. கேட் திறந்து கார் குலுங்கி ஏறி இறங்கியது, அட்டை அவள் மடியிலேயே இருந்தது.

ஆனால் போன வருஷம் காயவிட்டாரே? அந்த வெடிப்பு நிஜம்தானே? அந்தப் படம் எடுத்தது எப்போது... வாய்க்காலில் முறைத் தண்ணீர் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த நேரம், நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று, அதே வாரம்தான் அவருடைய போர் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய்ப் புதுக்கம்பி சுற்றிக்கொண்டு வர லால்குடிக்கு அனுப்பியிருந்தார், மோட்டார் கொட்டகை வெறுமனே இருந்ததை அவளே பார்த்தாள், என்ன ஐயா மோட்டாரைக் காணோம் என்று கேட்கக்கூடச் செய்தாள். அப்புறம் தண்ணீர் வந்தது, பாய்ச்சினார். மறுபடி முறை தள்ளிப்போனது, சரிசெய்து வந்த மோட்டாரும் ஒழுங்காக இறைக்கவில்லை, மறுபடி காய்ந்தது. குழாயில் தண்ணீர் இறங்குவதையும் ஏறுவதையும் அவள் போனில் ஏற்றிக்கொண்டே இருந்தாள், ஏறி இறங்கி ஏறி இறங்கி அழகான ஒரு கோடு வந்தது, அதை நவநீதன் சார் கலரில் பிரிண்ட் எடுத்து ஆபீசில் ஒட்டினார், பயிற்சியின் பலன் என்று அதன்மேல் தலைப்புப் போட்டது யார்? ஐயோ. கூட இருந்த மற்ற வயல்கள்? அவையும் அதே வாய்க்கால், அதே முறை. யாராவது, ஒரே ஒருத்தராவது, கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று மடையை அடைத்தார்களா? ஞாபகத்தில் ஒவ்வொரு வரப்பாக நடந்துபார்த்தாள், ஒரு முகமும் வரவில்லை. இல்லை, இருப்பார்கள், யாராவது இருப்பார்கள், கேட்டுப்பார்த்தால் தெரியும்... கேட்கத்தான் போகிறேனா? "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள் தேவதர்ஷினி. வந்துருச்சு மேடம், அந்தத் தென்னை மரத்துக்கிட்டதான்.

பிச்சமுத்து சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வரப்பில் நின்றார், பின்னால் பாப்பாயி, காலடியில் சீவிய இளநீர்கள். வயல் அவர் சொன்ன மாதிரியேதான் நின்றது, வானம் முழுவதும் அதற்குள் கிடந்தது, பயிர் நுனி மட்டும் வெளியே தெரிய, குழாயின் வாய் வரைக்கும் தண்ணீர், அந்தக் குழாயையும் யாரோ தேய்த்துக் கழுவி வெள்ளையாக்கியிருந்தார்கள். தேவதர்ஷினி போனைக் கையில் எடுத்துக்கொண்டு வயலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடி வயலைப் பார்த்தாள், பிறகு மெதுவாக ஜென்சியின் பக்கம் சாய்ந்து, "பூ வர்ற ஸ்டேஜ்ல தண்ணி நிக்கலாம்னு ஒரு விதி இருக்குல்ல? இது அந்த ஸ்டேஜா?" என்றாள். கேட்கவில்லை, கொடுத்தாள். எடுத்துக்கொள் என்று நீட்டினாள், காலையிலிருந்து ஜென்சி தேடிக்கொண்டிருந்த அதே சொல்லை. ஆமாம் மேடம் என்றால் முடிந்தது. சொல், சொல்லித் தொலை, ஊரே பிழைக்கும், பெஞ்சமின் இன்றைக்கும் கிண்டல் செய்வார்... அதற்குள் பிச்சமுத்துவின் காதில் விழுந்துவிட்டது. "பூவாம்மா? பூவுக்கு இன்னும் நாள் கெடக்குங்க. இப்பத்தான தூரு கட்டுது," என்று குனிந்து ஒரு தூரைத் தண்ணீருக்குள்ளிருந்து விலக்கிக் காட்டினார், எத்தனை கிளை வெடித்திருக்கிறது பாருங்கள் என்று.

"அப்புறம் ஏங்கய்யா இன்னிக்குத் தண்ணி கட்டுனீங்க?" என்றாள் தேவதர்ஷினி. அதட்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்விதான் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வர்றீங்கல்லம்மா."

"போன வருஷம் காயவிட்டீங்களே?"

"போன வருசம் தண்ணி வரலீங்களே. அதுவாக் காஞ்சுச்சு," என்று சொல்லி முதல் இளநீரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார், "குடிங்கம்மா, வெயில்ல வந்துருக்கீங்க."

தேவதர்ஷினி வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. இன்னொரு கையில் போன் வெளிச்சத்தோடு காத்திருந்தது, சரி என்று ஒரு கட்டம், தவறு என்று ஒரு கட்டம், இரண்டும் ஒரே அளவு. ஜென்சியைப் பார்த்தாள், நீங்கள் சொல்லுங்கள் என்கிற மாதிரி. ஜென்சி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்நாட்டுக் கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்டதிலிருந்து இந்த வரப்பு வரைக்கும் எத்தனை பேர், எத்தனை கார், எத்தனை ரயில், இரண்டு வருஷம்... இத்தனைக்கும் நடுவில், இவர்களுக்காக என்று நினைத்து, விடியற்காலையில் எழுந்து, அடுத்தவர் வாசலில் போய் நின்று, ஒரு மனிதர் தானாகச் செய்தது இந்தத் தண்ணீர் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதுவாக நடந்தது. "அக்காவுக்கும் ஒண்ணு குடு," என்று பிச்சமுத்து மனைவியிடம் சொன்னார், இன்றைக்குத்தான் முதல்தடவையாக மேடம் என்று சொல்லாமல். ஜென்சி இளநீரை வாங்கி வாயருகே கொண்டுபோனாள், தேவதர்ஷினி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.